வீடு தரும் ஈற்றடி

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குள் படம் எடுப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்யாணப் படத்தையோ சுற்றுலாப் படத்தையோ பற்றி இல்லை. காலையில் பால் காய்ச்சுவது, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தலை பின்னுவது, மத்தியானம் அப்பத்தா வெற்றிலை இடிப்பது, ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது என்று தினமும் கண்முன் நடந்தும் எந்த ஆல்பத்திலும் ஏறாத வாழ்க்கையைப் பற்றி. அந்த வாழ்க்கையைப் படமாக்க வேண்டுமானால் நமக்கு நாமே சில நிபந்தனைகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

படம் எடுக்க நிபந்தனை எதற்கு என்று கேட்பீர்கள். நம் மொழியிலேயே இதற்கு விடை இருக்கிறது. சபையில் ஒருவர் ஈற்றடியைக் கொடுப்பார். புலவர் அந்த அடியில் வந்து முடியும்படி வெண்பா பாட வேண்டும். காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட கதைதான் சொல்லப்படுகிறது. எதை வேண்டுமானாலும் பாடுங்கள் என்று விட்டிருந்தால் அவை பிறந்திருக்குமா? கடைசி அடி கட்டிப் போடப்பட்டிருந்ததால்தான் புலவரின் மனம் அதுவரை போகாத பாதைகளில் போய்த் தேடியது.

நம் கையிலிருக்கும் கைபேசிக்கு ஈற்றடி கிடையாது. எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், காசு செலவில்லை. அதனால் ஒரே பிறந்தநாள் கேக்கை நாற்பது தடவை எடுக்கிறோம். அதே கேக்குக்காக அதிகாலையிலிருந்து அடுப்படியில் நின்றவரை ஒரு தடவைகூட எடுப்பதில்லை. வசதி கூடியிருக்கிறது; கவனம் கூடவில்லை.

உங்கள் வீட்டுப் பழைய படங்களை எடுத்து வரிசையாகத் தரையில் அடுக்கிப் பாருங்கள். ஸ்டூடியோவில் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் நிற்கும் பாட்டி, பூச்சாடி, கால்மாட்டில் பிள்ளைகள். ஒரு வயதுக் குழந்தை குப்புறப் படுத்திருக்கும் படம். மணமேடைப் படம். 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தொகுக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செய்திருக்கிறார்கள். விலைமதிப்பற்ற பணி அது. அந்தப் படங்களில் நம் முன்னோர் என்ன உடுத்தினார்கள், எப்படித் தங்களைக் காட்டிக்கொள்ள விரும்பினார்கள் என்பது தெரிகிறது. எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரிவதில்லை. ஸ்டூடியோவுக்கு அம்மியையும் திருகையையும் யாரும் தூக்கிப் போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பாட்டி இறந்துபோனால் மாலை போடுவதற்குப் படம் தேடுகிறார்கள். தனியாக எடுத்த படம் இருக்காது. ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்தோ, வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியோ சட்டம் போடுகிறார்கள். எழுபது எண்பது வருஷம் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவருக்கு அந்தக் குடும்பம் எடுத்து வைத்த படம் ஒன்றுகூட இல்லை. இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். இந்தக் குறையை நம் தலைமுறையோடு நிறுத்த முடியும்.

வீடு படத்துக்குரிய இடம்தானா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும். அவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கேமரூனைப் பற்றிச் சொல்கிறேன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், இங்கிலாந்தின் ஒயிட் தீவில் இருந்தபோது மகளும் மருமகனும் 1863 கிறிஸ்துமஸுக்கு அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். வீட்டுக் கோழிக்கூண்டைப் படம் எடுக்கும் கூடமாக்கினார். நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். அவர் எடுத்தது யாரை? பெரும்பாலும் உறவுப் பெண்களை, அக்கம்பக்கத்துக் குழந்தைகளை, வீட்டு வேலை செய்த பெண்களை. வேலைக்கு இருந்த மேரி ஹில்லியர் அவருடைய படங்களில் கன்னி மரியாளாக வருகிறார். முகத்துக்கு மிக அருகே போய், கண்ணும் நெற்றியும் நிறையும்படி எடுப்பது அவருடைய வழி. படம் தெளிவாக இல்லை என்று அன்றைய புகைப்பட இதழ்கள் குறை கூறின. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் அந்தப் படங்களைப் போற்றுகின்றன. 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே காலமானார். மலையகத்தில் பொகவந்தலாவ தேவாலயத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. வீட்டில் இருந்தபடியே ஒரு கலையின் போக்கை மாற்றியவர் அவர். தன் வீடு, அதே முகங்கள், மிக அருகில் என்ற எல்லைக்குள் நின்றுதான் மாற்றினார்.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம்.

முதல் நிபந்தனை, ஒரே ஜன்னல். வீட்டில் ஒரு ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதத்துக்கு அந்த ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் படம் எடுங்கள். குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக விழும். அதோடு நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுவதால் குழல்விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் சில சமயம் படத்தில் கோடுகளாக வந்துவிடும். ஆளை ஜன்னலுக்கு நேரே நிறுத்தாமல் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். ஒரு கன்னம் வெளிச்சத்திலும் மறு கன்னம் நிழலிலும் இருக்கும்போது முகத்துக்கு ஆழம் வருகிறது. ஜன்னலை ஒட்டி இருப்பதற்கும் நாலு அடி தள்ளி இருப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு என்று பாருங்கள். கைபேசித் திரையில் முகத்தைத் தொட்டுப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அறையின் சாமான்கள் இருட்டில் மறைந்து ஆள் மட்டும் நிற்பார்.

ஒரு ஜன்னல் போதுமா என்று கேட்காதீர்கள். பிராகா நகரத்தில் யோசெஃப் சுடெக் என்று ஒரு புகைப்படக் கலைஞர் இருந்தார். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வெளியே போய்ப் படம் எடுப்பது கடினமானபோது தன் படப்பிடிப்புக் கூடத்தின் ஜன்னலை எடுக்கத் தொடங்கினார். 1940 முதல் 1954 வரை அதே ஜன்னல். கண்ணாடியில் படிந்த பனி, வழியும் மழைநீர், வெளியே வளைந்து நிற்கும் மரம், ஜன்னல் விளிம்பில் ஒரு தண்ணீர்க் குவளை. பதினான்கு வருஷத்துக்குப் பிறகும் அந்த ஜன்னல் தீரவில்லை. ஆந்த்ரே கெர்டெஸ் என்ற புகைப்படக் கலைஞரும் அப்படித்தான். 1977இல் மனைவி எலிசபெத்தை இழந்த பிறகு, எண்பது வயது கடந்த நிலையில், நியூயார்க் அடுக்குமாடி வீட்டின் ஜன்னலில் ஒரு கண்ணாடிச் சிலையை வைத்து, சின்ன போலராய்டு கேமராவில் எடுத்துக்கொண்டே இருந்தார். மனைவியின் தோளும் கழுத்தும் அதில் தெரிவதாக அவருக்குத் தோன்றியது. அந்தப் படங்கள் 1981இல் நூலாக வந்தன. துக்கத்தில் முடங்கிக் கிடந்த மனிதர் எழுந்து உட்காருவதற்கு ஒரு ஜன்னல் உதவியது.

இரண்டாவது நிபந்தனை, ஒரே நாள், ஒரே இடம், அதே ஆட்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் நிக்கோலஸ் நிக்சன் 1975இல் தன் மனைவியையும் மனைவியின் மூன்று சகோதரிகளையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். மூத்தவருக்கு 25 வயது, இளையவருக்கு 15. மறு வருஷமும் எடுத்தார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு படம், நால்வரும் அதே வரிசையில், கறுப்பு வெள்ளையில், முக்காலியில் நிற்கும் பெரிய கேமராவில். 2022 வரை இது நடந்தது. ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்தால் நாலு பெண்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். வரிசையாகப் பார்க்கும்போது நெஞ்சம் கனக்கிறது. தோள்மேல் போட்ட கை ஒரு வருஷம் இறுகுகிறது, ஒரு வருஷம் தளர்கிறது. முகத்தில் கோடு விழுகிறது, முடி நரைக்கிறது. சகோதரிகள் வரிசை மாறி நின்றிருந்தால், இடையில் படம் விட்டுப்போயிருந்தால், காலம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது. மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்தால்தான் மாறுவது எது என்று தெரியும்.

நமக்கு இதைவிட வசதி உண்டு. பொங்கலும் தீபாவளியும் ஆடிப் பதினெட்டும் வருஷம் தவறாமல் வருகின்றன. பொங்கல் அன்று பானை இறக்கியதும் வாசல் நிலைப்படியில் எல்லோரும் நிற்கட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை முதல் வருஷமே முடிவு செய்துவிடுங்கள். வர முடியாதவருடைய இடத்தைக் காலியாக விடுங்கள். மருமகள் வரும் வருஷம், பேரப்பிள்ளை வரும் வருஷம், ஒருவர் இல்லாமல் போகும் வருஷம் எல்லாம் அந்த நிலைப்படியில் பதியும். வீடு மாறினாலும் வரிசை மாற வேண்டாம்.

மூன்றாவது, முகம் காட்டாமல் ஒருவரைச் சொல்வது. கேமராவைக் கண்டதும் நம் பெரியவர்கள் விறைத்துப்போவார்கள். ஸ்டூடியோக்காரர் சொல்லிக் கொடுத்த விறைப்பு அது. அவர்களுடைய கைகளுக்கு அந்த விறைப்பு கிடையாது. முருங்கைக்கீரை ஆயும் விரல், பூக் கட்டும் விரல், இட்லித் துணியைப் பிழியும் கை, ஊசியில் நூல் கோக்கும்போது சுருங்கும் கண்ணோரம், கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி, தேய்ந்த செருப்பு. என் அப்பத்தாவை நான் முதலில் உண்மையாகப் பார்த்தது அவருடைய கைகளைப் படமெடுக்க முயன்றபோதுதான். உலக்கை பிடித்துக் காய்த்த உள்ளங்கை இத்தனை வருஷம் என் தலையைத் தடவியிருக்கிறது. அதன் சொரசொரப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. படம் எடுக்க உட்கார்ந்த அன்று கேட்டேன். அவர் சொன்ன கதை ஒரு மாலை முழுவதும் நீண்டது. இந்த நிபந்தனைகளின் பெரிய பலன் இதுதான். படம் வருவதற்கு முன்னால் பேச்சு வந்துவிடுகிறது.

மார்கழியில் இதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் கோலம் போடுகிறவரை மாதம் முழுக்க எடுங்கள். கோலத்தை எடுக்க ஊரே இருக்கிறது. குனிந்த முதுகையும், விரலிடுக்கில் மாவு இறங்குவதையும், முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கும் அந்தப் பார்வையையும் எடுக்க நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

நான்காவது, குழந்தையின் கண் உயரம். குழந்தையை நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் பெரிதாக விழும். தரையில் உட்காருங்கள், தேவையானால் படுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பார்த்தால் நம் வீடே வேறாகத் தெரியும். கட்டிலுக்கு அடியில் ஒரு நாடு இருக்கிறது, மேசைக்கு மேலே எட்டாத உலகம் இருக்கிறது. கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலமாகப் பார்ப்பது. மிக அருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்து முகம் கோணும். இரண்டடி பின்னால் வந்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். ஓடும் பிள்ளையை உறைய வைக்க நொடியில் 250இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு, கைபேசி பெரும்பாலும் அந்த வேகத்துக்குப் போகாது. ஆனால் எல்லா அசைவுக்கும் ஒரு நிறுத்தம் உண்டு. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. பந்தும் குதிப்பும் அப்படியே. அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கப் பழகுகிறவர் தன் பிள்ளை எப்படி ஓடுகிறது, எங்கே திரும்புகிறது, எப்போது சிரிக்கப்போகிறது என்பதையெல்லாம் மனப்பாடமாக அறிந்துவிடுகிறார்.

ஒரு நாள் கைபேசியைக் குழந்தையிடமே கொடுங்கள். அது எதை எடுக்கிறது என்று பாருங்கள். நம் இடுப்பு, நம் புடவை மடிப்பு, அடுப்படி மேடையின் விளிம்பு, பூனையின் வால். நம்மை அது எங்கிருந்து பார்க்கிறது என்று புரியும்.

ஐந்தாவது நிபந்தனை எண்ணிக்கை. பழைய ஃபிலிம் சுருளில் 36 படம். சாமர்த்தியமாக மாட்டினால் ஒன்றிரண்டு கூடும். அதற்கு மேல் கிடையாது. கழுவிப் பிரிண்ட் போடும்வரை எப்படி வந்திருக்கிறது என்றும் தெரியாது. அந்த 36ஐ நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். மாதம் முழுவதற்கும் 36 படம், எடுத்ததை மாதக் கடைசி வரை திரும்பிப் பார்ப்பதில்லை. கைபேசியை நீட்டுவதற்கு முன் மனம் ஒரு கணம் நின்று, இது வேண்டுமா என்று கேட்கும். அந்தக் கேள்விதான் படத்தைத் தீர்மானிக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் நாம் குடும்பத்தோடு இருக்கும் நேரம் கூடும். பிள்ளையின் ஆண்டுவிழா முழுவதையும் திரை வழியாகவே பார்க்கும் தகப்பனை மேடையிலிருக்கும் பிள்ளை தேடுகிறது. ஒரு படம் எடுத்துவிட்டுக் கைபேசியைப் பைக்குள் வைத்தால் கைதட்ட இரண்டு கையும் கிடைக்கும்.

தினம் ஒரு படம் என்று விரதம் எடுத்தவர்களும் உண்டு. நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு ஒரு போலராய்டு எடுக்கத் தொடங்கினார். 1997 அக்டோபர் 25 வரை அது தொடர்ந்தது. அன்று அவருக்கு 41ஆம் பிறந்தநாள், அன்றே அவர் இறந்தார். 6,600க்கும் மேற்பட்ட படங்கள். பல படங்களில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். சாப்பாட்டுத் தட்டு, நண்பர் கூட்டம், வெறும் தெரு. ஆனால் கடைசி மாதங்களின் நோயும் மருத்துவமனையும் கல்யாண மோதிரமும் வந்து சேரும்போது அந்தச் சாதாரண நாட்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு அரியவை என்று தெரிகிறது. எந்த நாள் முக்கியமான நாள் என்பது அந்த நாளில் நமக்குத் தெரியாது. தெரியாததால்தான் சாதாரண நாட்களையும் எடுத்து வைக்க வேண்டும்.

ஆறாவது நிபந்தனையை நான் கட்டாயம் என்றே சொல்வேன். வீட்டில் எப்போதும் படம் எடுக்கிறவர் யாரோ அவர் படத்துக்குள் வர வேண்டும். பல வீடுகளில் அது அம்மா. பிள்ளைகளின் பத்து வயது வரைக்கும் எல்லாப் படமும் அவர் எடுத்ததாகவே இருக்கும், அவர் மட்டும் எதிலும் இருக்க மாட்டார். வாரம் ஒரு நாள் வேறொருவர் எடுக்கட்டும். தலை கலைந்திருக்கிறது, பழைய புடவை என்று அவர் மறுப்பார். அந்தப் பழைய புடவையைத்தான் பிள்ளைகள் பின்னாளில் தேடுவார்கள் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அதே சமயம் மறுப்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் கைபேசியை இறக்கிவிட வேண்டும். அது தாயாக இருந்தாலும் நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் ஒன்றுதான். அழும் குழந்தை, குளிக்கும் குழந்தை, நோயில் தளர்ந்த பெரியவர் இவர்களுடைய படங்களை ஊருக்கு அனுப்பாதீர்கள். வீட்டுப் படம் முதலில் வீட்டுக்கு. நம்பிக்கை போய்விட்ட வீட்டில் நல்ல படம் வராது.

கடைசியாக ஒன்று. எடுத்த படத்தை அச்சிட்டு வையுங்கள். அமிர்தா ஷேர்கில் என்ற ஓவியரை நமக்குத் தெரியும். அவருடைய தந்தை உம்ராவ் சிங் ஷேர்கில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தன்னையும், பிறகு தன் மனைவியையும் மகள்களையும் படமெடுத்து வந்தவர். தொழிலுக்காக எடுக்கவில்லை. புடாபெஸ்டிலும் சிம்லாவிலும் பாரீஸிலும் அந்தக் குடும்பம் வாழ்ந்த வாழ்க்கை அந்தப் படங்களில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து அவருடைய பேரன், ஓவியர் விவான் சுந்தரம், அந்தப் படங்களைக் கொண்டே 2001இல் புதிய படைப்புகளை உருவாக்கத் தொடங்கினார். தாத்தா எடுத்தது காகிதமாகவும் கண்ணாடியாகவும் கையில் இருந்ததால் அது முடிந்தது. கைபேசி தண்ணீரில் விழும், கடவுச்சொல் மறந்துபோகும், நிறுவனங்கள் சேவையை நிறுத்தும். மாதத்துக்கு ஒரு படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து நாலுக்கு ஆறு அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் பென்சிலால் தேதி, ஊர், படத்தில் இருப்பவர்களின் முழுப்பெயர், யாருக்கு யார் என்ன உறவு என்று எழுதுங்கள். ‘அம்மா’ என்று மட்டும் எழுதினால் ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு யாருடைய அம்மா என்று தெரியாது.

நண்பர்களே, புதிய கேமரா வாங்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. கையிலிருப்பதே போதும். நான் சொன்ன நிபந்தனைகளில் ஏதாவது ஒன்றை மட்டும் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது வீட்டாரிடம் சொல்லுங்கள். எதை எடுத்துக்கொள்வது என்று பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு மாதம் அதை விடாமல் செய்யுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பின்பக்கம் பெயர் எழுதிய ஒரு படத்தோடு வாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களிடமிருந்து தொடங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள்.